68 வயதில் முதல் கோழி

போன ஞாயிற்றுக்கிழமை என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழுக் கோழியைத் துண்டு போட்டேன். சார் இதையும் வரலாறாக்கிவிட்டாரே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பதிவு கொஞ்சம் நீளம்தான்.

முசிறியிலிருந்து அக்கா வந்திருந்தார், கையில் ஒரு நாட்டுப் பெட்டைக்கோழியோடு. கழுத்தை அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி, இறகைப் பிடுங்கி, தென்னோலையைக் கொளுத்தி வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவியது வரை அவரே செய்தார். அதற்கு மேல் அரிவாள்மனையில் உட்கார முட்டிவலி விடவில்லை. என் வீட்டம்மா கையில் மாவுக்கட்டு. "வேடிக்கை பாத்தது போதும் தம்பி, உக்காரு" என்றார் அக்கா.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். உறையூருக்குக் கோழியூர் என்று ஒரு பெயர் உண்டு, சேவல் ஒன்று யானையை எதிர்த்து நின்று விரட்டியது என்று கதை சொல்வேன். முருகன் கொடியில் சேவல் என்பேன். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். எல்லாம் சேவல். ஒரு பெட்டைக்கோழி கூட என் பாடத்தில் வந்ததில்லை என்பது அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

முதலில் மஞ்சள் போகட்டும் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். போகவே இல்லை. "அது பூசின மஞ்சள் இல்லடா, தோலோட நெறமே அதான்" என்றார் அக்கா. அந்த நிறத்துக்கே ஒரு வரலாறு உண்டு. வீட்டுக்கோழிக்கு மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி மட்டும்தான் என்று டார்வின் எழுதினார். தாய்லாந்தில் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து, நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் தானியம் பொறுக்க வந்த காட்டுக்கோழிதான் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கோழியானது என்று 2022-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆனால் சிவப்புக் காட்டுக்கோழியின் தோல் வெள்ளை. மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற பறவை, இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. உலகம் முழுக்க இன்று மஞ்சள் தோலோடு திரியும் கோழிகளில் நம் பக்கத்துக் காட்டின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. இதைச் சொன்னதும் அக்கா, "சரி, வயித்தத் தொற" என்றார்.

வயிற்றைத் திறப்பதுதான் பயம். பித்தப்பை உடைந்தால் குழம்பே கசந்துவிடும். பச்சையாக, மொச்சை அளவுக்கு ஈரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் கத்தி பட்டு உடைந்தேவிட்டது. பச்சை பரவிய ஈரலை அக்கா பாதிக்கு மேல் அரிந்து எறிந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரையை அரைக்கும் கெட்டியான பையைப் பிளந்தால் உள்ளே சிறு கற்கள், நாலைந்து சோளம். அதன் உள்தோலை உரிக்கும் வித்தையை இரண்டு முறை காட்டித்தந்தார். முதுகெலும்பை ஒட்டி மிளகளவிலிருந்து கோலிக்குண்டு அளவு வரை மஞ்சள் மணிகளாக, இன்னும் முட்டையாகாத கருக்கள். பல்லில்லாத அப்பாயிக்கு அம்மா இதைத்தான் எடுத்து வைப்பார்.

தொடைக்கு வந்தோம். எலும்பை வெட்டாமல் மூட்டில் மடக்கிக் கீறினால் தானாகக் கழன்று வரும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "கோழிக்குத் தொடை இருக்குன்னு அரிஞ்சப்பல்லாம் பாத்திருக்கேன். தின்னதில்ல."

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். ஒரு கோழிக்கு இரண்டு தொடை, இரண்டிரண்டாகப் பிரித்தால் நாலு துண்டு. தாத்தா, அப்பா, சித்தப்பா, நான். கணக்கு முடிந்தது. அம்மாவுக்கும் மூன்று அக்காக்களுக்கும் கழுத்து, முதுகு, இறக்கை, அப்புறம் குழம்பு. கோழி அடிப்பதே தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். முட்டை விற்றால் காசு வரும் வீட்டில் முட்டையிடும் கோழியை யார் அறுப்பார்கள்?

"அப்ப எப்பத்தான் சாப்பிட்டே?" என்று கேட்டேன். "பிராய்லர் வந்தப்புறம். நாப்பது வயசு இருக்கும். அவரு ஒரு கிலோ வாங்கியாந்தாரு, அதுல நாலு காலு கெடந்துச்சு. நீ பிராய்லரத் திட்டி எழுதுறத எல்லாம் பேத்தி படிச்சுக் காட்டுவா. திட்டாத தம்பி."

உண்மைதான், நிறையத் திட்டியிருக்கிறேன். அந்தக் கோழியின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டெலாவேரில் 1923-ல் செசில் ஸ்டீல் என்ற குடியானவப் பெண் 50 குஞ்சு கேட்டு எழுதினார், தவறுதலாக 500 வந்தது. திருப்பி அனுப்பாமல் வளர்த்துக் கறிக்கு விற்றார். முட்டைக்கு வளர்த்ததுபோக மிச்சம் என்றிருந்த கோழிக்கறி தனித் தொழிலானது. அதன்பின் "நாளைய கோழி" என்று ஒரு போட்டி. நெஞ்சும் தொடையும் பெருத்த கோழியை உருவாக்குபவருக்குப் பரிசு. 1948-லும் 1951-லும் வென்றவர் கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ். இந்தியப் பண்ணைகளில் பரவலாக வளரும் காப் இனத்தின் தாய் நிறுவனப் பெயரில் வான்ட்ரஸ் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊசி போட்ட கோழி என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் சொந்தங்கள் இதைக் கவனியுங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56 நாளில் 1957-ன் கோழி 905 கிராம், 1978-ன் கோழி 1,808, 2005-ன் கோழி 4,202. வித்தியாசம் முழுக்க இனத்தேர்வில் வந்தது. இப்படி வளர்ந்த உடம்பைக் காலும் இதயமும் தாங்க முடியாமல் தவிப்பதும் உண்மை. என் பழைய பதிவுகளில் அதை எழுதியது தவறில்லை.

நம் பக்கம் 1990களில் உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் ஒப்பந்தப் பண்ணைகள் பெருகின. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், விவசாயி கொட்டகை போட்டு வளர்த்து வளர்ப்புக்கூலி வாங்குவார். விலை இறங்கியது. கோழி கிலோக் கணக்கானது. ஒரு கோழிக்கு இரண்டே தொடை என்ற கணக்கு அத்தோடு செல்லாமல் போனது. சமூக நீதியைப் பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்தேன், என் வீட்டுச் சட்டியில் நடந்த இந்த மாற்றத்தை மட்டும் கவனிக்கவே இல்லை. அந்த நாலு துண்டில் ஒன்று என்னுடையது என்பதால் இருக்கலாம்.

ஒரு மணி நேரம் ஆனது. துண்டுகள் ஒரே அளவாக இல்லை, இரண்டு இடத்தில் எலும்பு சிதறிவிட்டது. குழம்பு வீட்டம்மா சொல்லச் சொல்ல நானே வைத்தேன். பரிமாறும்போது முதல் தொடையை அக்கா தட்டில் வைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதில் பாதியைப் பிய்த்து என் பேத்தி தட்டில் போட்டார்.

அவள் ஒரு கடி கடித்துவிட்டுத் திருப்பி வைத்தாள். "ரொம்பக் கெட்டியா இருக்கு அத்தைப்பாட்டி, நீங்களே சாப்பிடுங்க."