துரப்பணம்: கயிறு முதல் மின்கலம் வரை

'தமர்' என்ற சொல்லைக் கேட்டதும் இலக்கிய அன்பர்களின் நினைவுக்கு வருவது உற்றார், உறவினர் என்ற பொருளே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினாலோ, கருவியால் அமைத்த துளைக்கும் தமர் என்ற பெயர் இருப்பதைக் காணலாம். துளையிடும் ஊசி தமரூசி. தச்சர் மரம் துளைக்கும் கருவி துரப்பணம். இச்சொற்களை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஆனால், அக்கருவியைக் கண்ணால் கண்டதில்லை என்ற உண்மையையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்!

அந்தக் குறை நீங்கியது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். நெசவுத் தறிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் வாழும் முதிய தச்சர் ஒருவரின் பட்டறைக்குச் சென்றிருந்தோம். அவருடைய மகன் அட்டைப்பெட்டி ஒன்றை நம்முன் வைத்தார். "சார், படமரத்துல ஒண்ணேகால் அங்குல ஓட்டை போடணும். போன வருசம் சின்ன பேட்டரி மெஷின் வாங்கிப் புகைஞ்சு போச்சு. இந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. இன்னொரு தடவை ஏமாற முடியாது" என்றார்.

படமரம் என்பது நெய்த சேலையைச் சுருட்டும் மரம். அதன் ஒரு முனையில் ஊடுருவிச் செல்லும் துளைகளில் கோலைச் செருகித் திருப்பித்தான் நெசவாளர் பாவை இறுக்கி வைக்கிறார். துளை சாய்ந்தால் கோல் சரியாக அமராது; இறுக்கம் தளர்ந்தால் சேலையின் நெசவு கெடும். ஆகவே, அந்தக் கேள்வி கருவியைப் பற்றியது மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் சில வாரக் கூலியையும், ஒரு பட்டறையின் நற்பெயரையும் பற்றியது.

மகன் பேசி முடித்ததும் பெரியவர் பரணிலிருந்து தம் தந்தையாரின் துரப்பணத்தை இறக்கினார். செங்குத்தான ஒரு மரத்தண்டு; அதன் தலையில் தனியே சுழலும் குமிழ்; அடியில் ஈட்டிமுனை போன்ற தட்டையான இரும்பு அலகு. தண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுக்க, மற்றவர் குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்டு ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழலும். இரு திசையிலும் மரத்தைச் சுரண்ட வேண்டியிருப்பதால்தான் அலகின் இரு பக்கமும் கூர். கயிற்றுக்குப் பதில் வில்லைப் பூட்டினால் ஒருவரே இயக்கலாம். இந்தத் தத்துவம் மிகத் தொன்மையானது. பலுசிஸ்தானத்து மெஹர்கரில், சுமார் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதரின் கடைவாய்ப் பற்களில் துளையிட்ட தடங்கள் கிடைத்த செய்தி 2006இல் வெளியானது. வில் துரப்பணத்தாலேயே அவை இடப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

எனினும் கயிற்றுத் துரப்பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. பெரிய துளை அதற்கு ஆகாது. சிறு துளைகளை வட்டமாக இட்டு, நடுவிலுள்ள மரத்தை உளியால் கொத்தி எடுப்பார்கள்; அல்லது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைச் செலுத்திச் சுட்டுத் துளைப்பார்கள். "ஒரு தமருக்கு ஒரு பொழுது போயிடும்" என்றார் பெரியவர். நாம் அகராதியில் படித்த சொல் அவர் வாயில் உயிரோடிருந்தது! அந்த ஒரு சொல்லுக்காகவே மீண்டும் காஞ்சிக்கு வரலாம் என்று தோன்றியது.

மேலை நாட்டிலும் பெரிய துளையே பெருஞ்சிக்கலாக இருந்தது. 1874இல் பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர், அடி தட்டையான, வழவழப்பான துளை இடும் அலகுக்குக் காப்புரிமை பெற்றார். 1889இல் மெல்போர்னில் ஆர்னாட், பிரெய்ன் இருவரும் மின் துரப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1917இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் கைத்துப்பாக்கிப் பிடியும் விசைவில்லும் கொண்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றது. இன்றுவரை நம் கையில் இருப்பது அந்த வடிவமே. அந்நிறுவனமே 1961இல் கம்பியில்லாத் துரப்பணத்தை அறிமுகப்படுத்தியது. பத்தே ஆண்டுகளில், 1971இல், அப்பல்லோ 15 பயணத்தில் மின்கலத் துரப்பணம் நிலவின் தரையையே துளைத்தது. ஆயினும் தடித்த மரத்தில் பெரிய துளையிடும் வலிமை தச்சர் கைக்கு எட்டியது, இந்த நூற்றாண்டில் லித்தியம் அயனி மின்கலம் பரவிய பின்னரே.

இனி, பட்டறையில் எழுந்த கேள்விக்கு வருவோம். பெட்டியில் முதலில் கண்ணில் படுவது சுழற்சி வேகம். பெரிய துளைக்கு அது முக்கியமன்று. நியூட்டன் மீட்டரில் குறிக்கப்படும் முறுக்கு விசையே முக்கியம். சுற்றுக்கு ஒரே அளவு ஆழம் இறங்குவதாகக் கொண்டால், துளையின் விட்டம் இரட்டிக்கும்போது வேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அரை அங்குலத் துளையோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் அங்குலத்துக்கு ஆறு மடங்குக்கும் மேல்! 12 வோல்ட்டுச் சிறு பொறி புகைந்ததில் வியப்பென்ன? 18 வோல்ட்டு, 60 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத விசை, நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றுக்குள் ஓடும் தாழ்ந்த கியர், 4 அல்லது 5 ஆம்பியர் மணி மின்கலம் ஆகியவற்றைப் பார்த்து வாங்கும்படி சொன்னோம். பக்கக் கைப்பிடியும் கட்டாயம் வேண்டும். அலகு மரத்தில் சிக்கினால் பொறி எதிர்த்திசையில் திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும்.

பெரியவர் சிரித்தார். "மெதுவாச் சுத்தணும், அழுத்திப் பிடிக்கணும், அடிக்கடி வெளிய எடுத்துத் தூளைத் தட்டணும். இதைத்தானே எங்கப்பா சொன்னாரு?" அந்தப் பக்கக் கைப்பிடி, பழைய துரப்பணத்தின் குமிழை அழுத்திய இரண்டாம் ஆளின் இடத்தில் வந்து நிற்கிறது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

கம்பியில்லாப் பொறிக்கு இவ்வூரில் இன்னொரு தேவையும் உண்டு. காஞ்சியின் ராஜ வீதிகளில் தேர் வரும் நாளில் அவ்வழியெங்கும் மின்சாரம் நிறுத்தப்படும். அந்த எச்சரிக்கையின் பொருளை 2022 ஏப்ரலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் நடந்த துயரம் நமக்கு உணர்த்தியது. உயரழுத்த மின்கம்பியில் தேர் உரசியதில் பதினொருவர் இறந்தனர். மின்சாரம் இல்லாத தேர்வீதியில் ஒரு மரச்சட்டத்தை உடனே துளைத்து முடுக்க வேண்டுமானால் இரண்டே வழிகள்: பாட்டனாரின் துரப்பணம், அல்லது பேரனின் மின்கலப் பொறி.

சில மாதங்கள் கழித்து மீண்டும் சென்றோம். புதிய பொறி படமரத்தில் சில நிமிடங்களில் நேரான துளை இட்டது. இடம் குறித்துக் கொடுத்தவர் பெரியவர். பொறியைப் பிடித்தவர் மகன். கயிறு இழுக்கத்தான் இப்போது ஆள் வேண்டியதில்லை. நேர் பார்க்கும் கண் இன்னும் வேண்டியிருக்கிறது. பழைய துரப்பணம் மறுபடி பரணுக்குப் போயிருந்தது. 'தமர்' என்ற சொல்லும் அதனோடு பரணேறிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இக்கட்டுரையை எழுத முனைந்தோம்.