கரையேற்றியவர்கள்: தரங்கம்பாடிக் கடலோரத்தில் மீட்புப் பணியின் வரலாறு

கடலில் ஆள் காணவில்லை என்றால், நாகை, மயிலாடுதுறை மாவட்ட மீனவ ஊர்களில் முதலில் கூடுவது ஊர்ப் பஞ்சாயத்துதான். தொழில் நிற்கும், மீன் தேடும் படகுகள் ஆளைத் தேடிப் போகும். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத இந்த வழக்கத்துக்கு அருகில் அரசின் மீட்பு அமைப்புகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காவலுக்கென்று பிறந்த துறைகள் மீட்பையும் சுமந்தன. மீட்பில் தேர்ந்தவர்களோ பெரும்பாலும் துறைக்கு வெளியிலேயே நின்றார்கள் என்பது என் கணிப்பு.

தரங்கம்பாடியின் டேனிய வரலாறே ஒரு கப்பல் சேதத்தை ஒட்டித் தொடங்குகிறது. ரோலண்டு கிராப்பேயின் 'ஓரெசுந்த்' கப்பலைப் போர்த்துகீசியர் காரைக்காலுக்கு அப்பால் மூழ்கடித்தனர். உயிர் தப்பிய அவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். 1620-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது, டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. ஆனால் கப்பல் அணையும் துறைமுகம் எழவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். அலை முறியும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை சலங்குகள். சென்னையிலும் இதே நிலைமை. அங்கே மசூலா படகுகளுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் போகும், அலையில் விழுந்தவர்களைத் தூக்க. உயிர் காத்த கட்டுமரக்காரர்களுக்கு ஆங்கிலேயர் பதக்கம் தந்ததும் உண்டு. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வணிகமும் அதன் பின்னே போனது. அலையைக் கடக்கும் கைப்பழக்கம் மட்டும் மீன்தொழிலில் தங்கிவிட்டது.

அரசு கடலுக்குள் இறங்கிய காரணம் வேறு. கடத்தலைத் தடுக்க வழி தேடிய ருஸ்தம்ஜி குழு 1974-இல் அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1977-இல் இந்தியக் கடலோரக் காவல்படை உருவானது, மறு ஆண்டு சட்டமும் வந்தது. ஆபத்திலிருக்கும் மீனவருக்கு உதவுவதும் அச்சட்டத்தில் ஒரு கடமைதான், பலவற்றுள் ஒன்றாக. அந்த 1977 நவம்பரிலேயே நாகைப் புயல் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 1994-இல் தமிழ்நாடு அமைத்த கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் இலங்கைப் போரின் நிழலே காரணம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அடியில் சுனாமி ஒரு மெல்லிய ஏற்றமாகக் கடந்து போயிற்று. கரையில் மீன் வாங்கவும் விற்கவும் காத்திருந்தவர்கள் பெண்கள், வீட்டில் பிள்ளைகள். ஆக்ஸ்பாம் 2005-இல் எடுத்துக்காட்டிய கணக்கின்படி அன்றைய நாகை மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. குழந்தைகளையும் சேர்த்தால் மாவட்டத்தின் இறப்பு 6,000-ஐத் தாண்டியது; தரங்கம்பாடியும் அப்போது அம்மாவட்டத்தில்தான். மீட்கத் தெரிந்த ஆண்களில் பலர் கடலில் இருந்தார்கள், மீட்கப்பட வேண்டியவர்கள் கரையில் இருந்தார்கள். இந்தத் தலைகீழ் நிலையை அரசின் எந்தத் திட்டமும் முன்கூட்டி எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

முதல் சில மணி நேரம் ஊராரும் அக்கம்பக்கத்தாருமே மீட்பர்கள். நாகூர் தர்கா தன் அடக்க நிலத்தைத் திறந்துவிட்டது. தஞ்சை ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் நாகைக்கு மாற்றப்பட்டார். சடலங்களைச் சேற்றிலிருந்து எடுத்தவர்களில் பெரும்பகுதி, பிற நகராட்சிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். மீட்பின் வரலாற்றை எழுதுவோர் இவர்களைச் சுகாதாரப் பிரிவில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்; அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக வந்தன: 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம், அடுத்த ஆண்டு தேசியப் பேரிடர் மீட்புப் படை, 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையை அழைக்க 1554 என்ற எண்ணும் இருக்கிறது.

மீனவரைத் துறைக்குள் சேர்ப்பது மட்டும் மெதுவாகவே நடக்கிறது. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். ஒக்கிப் புயலுக்குப் பின் அம்மாநிலம் மீனவ இளைஞர் 200 பேர் அளவில் கடலோரக் காவலில் வார்டன்களாக எடுத்தது. தமிழ்நாட்டிலும் மீனவ இளைஞர்கள் சேர்க்கப்படுகிறார்கள், கடலோர ஊர்க்காவல் படையில். ஊர்க்காவல் படைக்குச் சம்பளம் கிடையாது. பணி செய்த நாளுக்குப் படி.