அன்டோவர் செமினறியின் வாயில்

கிறித்தவ திருச்சபையிற் குருப்பணி ஏற்க விரும்பும் ஒருவர், இறையியலை உயர்நிலையிற் பயிலப் புகுமுன் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றைப் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதி இன்று பல நாடுகளில் வழக்கிலுள்ளது. பட்டச் சான்று, குருவானவரின் நற்சாட்சி, தன் அழைப்பைப் பற்றி விண்ணப்பதாரர் எழுதும் விளக்கம், நேர்முகப் பரீட்சை என்பன ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படுகின்றன. தொன்றுதொட்டு வந்த ஏற்பாடு போல இது தோன்றினும் உண்மை அதுவன்று. கிறித்தவ சமயத்தின் நீண்ட வரலாற்றில் இவ்விதி மிகப் பிந்தியது. ஐக்கிய அமெரிக்காவில், மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1808 ஆம் ஆண்டில் அது உருப்பெற்றது.

'செமினறி' என்னும் சொல் நாற்றுமேடை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அப்பெயரை நிலைநிறுத்தியவர்கள் கத்தோலிக்கர். 1563 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் திரெந்து நகரிற் கூடிய பொதுச்சங்கம், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமாணவர்க்கென ஓர் இல்லம் அமைத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. அவ்வில்லத்திற் சேர்வதற்குச் சங்கம் விதித்த தகைமைகள் மிக எளியவை. பிள்ளை பன்னிரண்டு வயதேனும் நிரம்பியவனாயும், முறையான விவாகத்திற் பிறந்தவனாயும், எழுத வாசிக்கத் தெரிந்தவனாயும் இருத்தல் வேண்டும். அவனுடைய குணமும் விருப்பமும் அவன் என்றும் இப்பணியில் நிலைப்பான் என்ற நம்பிக்கையைத் தருதல் வேண்டும். இவற்றோடு சங்கம் இன்னொன்றையும் சேர்த்தது. ஏழைகளின் பிள்ளைகளையே சிறப்பாகத் தெரிந்தெடுக்க வேண்டும். செல்வர் பிள்ளைகளை விலக்க வேண்டியதில்லை, ஆயினும் அவர்கள் தம் செலவைத் தாமே ஏற்க வேண்டும். அங்கே கேட்கப்பட்டது முளை, விளைந்த கதிரன்று.

நியூ இங்கிலாந்துப் பகுதியிற் குடியேறிய பியூரித்தானியர் வேறு வழியிற் சென்றனர். கல்வியறிவற்ற குருமாரிடம் தம் சபைகள் அகப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தினாலேயே அவர்கள் 1636 இல் ஹாவார்ட் கல்லூரியைத் தொடக்கினர். சிசரோவை இலத்தீனிற் கண்டவுடன் வாசித்து விளங்கவும், இலத்தீனிற் செய்யுள் இயற்றவும், கிரேக்கப் பெயர் வினைகளின் வாய்பாடுகளை ஒப்புவிக்கவும் வல்லவனே அங்கு சேரலாம். பட்டம் பெற்றபின் குருப்பணியை நாடிய இளைஞன், அநுபவம் வாய்ந்த குருவானவர் ஒருவரின் வீட்டிற் சில மாதங்கள் தங்கி, அவருடைய நூல்களை வாசித்து, பிரசங்கம் எழுதிப் பழகி, பின்னர் சபையை நாடுவான். நம் நாட்டுக் குருகுலவாசத்தை இம்முறை ஓரளவு ஒத்தது. ஆசிரியரின் நூலறை எத்துணை அகலமோ அத்துணையே மாணவனின் கல்வியும் அகலும் என்பது இதன் குறைபாடு.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு நியமனம். 1805 ஆம் ஆண்டில் ஹாவார்டின் இறையியற் பேராசிரியராக ஹென்றி வெயர் நியமிக்கப்பட்டார். அவர் திரித்துவக் கோட்பாட்டை ஏற்காதவர்களின் பக்கத்தைச் சார்ந்தவர். பழைய நெறியினர் கொதித்தெழுந்தனர். தம்முள்ளே பிணக்குற்றிருந்த இரு குழுவினர் நீண்ட பேச்சின்பின் இணங்கி, பிலிப்ஸ் அக்கடமி என்னும் பாடசாலை ஏற்கனவே இருந்த அன்டோவரிலே, 1808 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திற் புதிய செமினறியைத் திறந்தனர். வணிகர் சிலரும் பிலிப்ஸ் குடும்பத்தாரும் பொருளை வாரி வழங்கினர்.

அன்டோவரின் யாப்பு, வாயிலைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசிற்று. விண்ணப்பிப்பவர் மதிப்புள்ள கல்லூரியொன்றிலே கற்றவராய் இருத்தல் வேண்டும்; அல்லது அதற்கு நிகரான கல்வியைப் பிறவாறு பெற்றிருத்தல் வேண்டும். நல்லொழுக்கமும் விவேகமான நடத்தையும் உடையவர் என்பதற்கும், உள்ளார்ந்த பக்தி உடையவர் என நம்ப இடமுண்டு என்பதற்கும் தக்கார் சாட்சி தருதல் வேண்டும். செம்மொழிகளிற் பரீட்சையும் உண்டு. புரட்டஸ்தாந்து சபை எதனைச் சேர்ந்தவரும் வரலாம். கற்கைக் காலம் மூன்று ஆண்டுகள். விந்தை யாதெனில், பேராசிரியர்களே மாணவரினும் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தனர். விசுவாசப் பிரமாணம் ஒன்றினை ஐந்தாண்டுக்கொருமுறை அவர்கள் மீண்டும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

விதி வகுத்தவர்களுக்கு முதலாண்டிலேயே சோதனை வந்தது. அதோனிராம் ஜட்சன் என்னும் இளைஞர் 1807 இல் பிறவுண் கல்லூரியில் முதல் மாணவராகத் தேறியவர். குருவானவர் ஒருவரின் மைந்தர். இலத்தீன், கிரேக்கத்திலே குறை கூறுவதற்கு எதுவுமில்லை. ஆயின் அவர் கல்லூரி நண்பர் ஒருவரின் செல்வாக்கினால் வேதநூலின் மேலுள்ள நம்பிக்கையை இழந்திருந்தார். குருவாக வரும் எண்ணமும் அவருக்கு இல்லை. யாப்பின்படி நோக்கின், மூளைக்கு உரிய தகைமை முழுதும் இருந்தது, உள்ளத்துக்கு உரியது இல்லை. அன்டோவர் அவரைத் துரத்திவிடவில்லை. 1808 ஒக்தோபரில் விசேட மாணவராக ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு முடியுமுன் அவருடைய மனம் மாறியது. பின்னாளிற் பர்மாவுக்குச் சென்று, வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியிலே பெயர்த்த ஜட்சன் இவரே. அன்று அந்த விதிவிலக்கை அளித்தவர்கள், விதியை எழுதியவர்களினும் சிறந்த ஆசிரியர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அங்கு கற்பித்தவர்களும் கற்றுக்கொண்டே கற்பித்தனர். 1810 இல் வேதாகம மொழிகளுக்குப் பேராசிரியராக வந்த மோசஸ் ஸ்ருவேட், வரும்போது எபிரேயம் சொற்பமே அறிந்திருந்தார். எபிரேய எழுத்துக் கோக்கத் தெரிந்த அச்சுத் தொழிலாளர் அங்கு கிடைக்காமையால், தம் இலக்கண நூலின் ஒரு பகுதிக்குத் தாமே எழுத்துக் கோத்தார். நூல் 1813 இல் வெளிவந்தது.

இவ்வளவு உயரமான வாயிலை எல்லாரும் விரும்பவில்லை. மேற்கே காடுகளிற் குடியேறிய மக்களிடம் குதிரையேறிச் சென்ற மெதடிஸ்த போதகர்கள், அழைப்பு இறைவனுடையது, கல்லூரியினுடையதன்று என வாதிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டின் மிகப் பெரிய புரட்டஸ்தாந்து சபையாக மெதடிஸ்த சபையே விளங்கிற்று. பட்டதாரிகளை மட்டும் நம்பியிருந்தோர் அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. வறிய இளைஞர் கல்லூரிச் செலவைத் தாங்கமாட்டாமையை உணர்ந்தோர் 1815 இல் பொஸ்ரனில் அமெரிக்கக் கல்விச் சங்கத்தை நிறுவி உதவிப்பணம் வழங்கினர்.

பணத்தாலும் திறக்காத கதவுகள் வேறு இருந்தன. அடிமைத்தளையினின்றும் தப்பிவந்த ஜேம்ஸ் பெனிங்ரன், 1834 அளவில் யேல் கல்லூரியின் இறையியல் விரிவுரைகளுக்கு வந்தார். அமர்ந்து கேட்கலாம், வினாவெழுப்பக் கூடாது, நூலகத்தில் நூல் பெறக் கூடாது, பெயர் பதிவாகாது என்றனர். வாய்திறவாது இருந்து கற்றுக் குருவானார். அவருக்கு யேல் பட்டம் அளித்தது 2023 இல். அவர் மறைந்தோ நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒபர்லின் கல்லூரியில் அன்ரொயினெற் பிறவுண் என்னும் பெண்மணி 1850 இல் இறையியற் கற்கையை முடித்தபோது, பெண் என்பதனாற் பட்டம் மறுக்கப்பட்டது. இவ்விருவரிடத்தும் இல்லாதிருந்தது கல்வியுமன்று, பக்தியுமன்று.

அன்டோவரின் வாயில் வழியே யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பாதை உண்டு. 1810 இல் அம்மாணவர் சிலர் விடுத்த வேண்டுகோளினாலேயே அமெரிக்க மிசன் சங்கம் பிறந்தது. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல், இந்தியாவிற் தங்க இடம் மறுக்கப்பட்டு, மொரிசியசில் மனைவியை இழந்து, 1813 இல் இலங்கைக்கு வந்தார். அவர் எழுதிய கடிதங்கள் பிறருக்கு வழிகாட்டின. டாட்மத், யேல், வில்லியம்ஸ் முதலிய கல்லூரிகளிற் பட்டம் பெற்று அன்டோவரிற் பயின்ற பூவர், மெய்க்ஸ், றிச்சட்ஸ் ஆகியோர் 1816 இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். தமிழ் ஆங்கில அகராதி தந்த வின்ஸ்லோவும், உடுவிலிற் பணிசெய்த ஸ்போல்டிங்கும் அதே செமினறியின் மாணாக்கர்.

1823 இல் பூவர் ஐயரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டையிற் செமினறி தொடங்கியபோது, அன்டோவரின் பெயர் வந்தது, வாயில் வரவில்லை. பட்டதாரியே இல்லாத நாட்டிற் பட்டத்தைக் கேட்பதெங்ஙனம்? மிசன் விடுதிப் பாடசாலைகளில் ஆரம்பக் கல்வி பெற்ற சிறுவர்களே தெரிந்தெடுக்கப்பட்டனர். கிறித்தவனாயிருத்தல் நுழைவுக்கு நிபந்தனையாகவில்லை. சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சேர்ந்தனர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் பயிற்றப்பட்டன. கற்றவருட் சிலர் உபதேசிகளாயினர். பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர்.

இது மிசனின் நோக்கத்துக்கு மாறானது என்று கருதினார் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன். அவரும் அன்டோவரிற் பயின்றவரே. 1855 இல் அவர் நேரில் வந்து பார்த்தபின் வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. 1857 இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என வரலாறு குறிக்கும் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அவ்வாறு மூடப்பட்ட செமினறியிலே கற்றவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவத்துக்கு மீண்டு, ஏட்டிற் கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றும் பணியில் இறங்கினார்.