தலையில் முளைத்த விலை

உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில், முன்சியாரிக்கு மேலே, மரங்களும் வளராத உயரத்தில் புல்வெளிகள் தொடங்குகின்றன. அந்த மண்ணுக்கடியில் வேர்களைத் தின்றபடி ஓர் அந்துப்பூச்சியின் புழு வருடக்கணக்கில் வளர்கிறது. அதன் உடம்புக்குள் புகுந்த பூஞ்சை, உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டுத் தோலை மட்டும் மிச்சம் வைக்கிறது. சாவதற்குள் புழு மேல்மண்ணை ஒட்டி, தலை மேலாக நின்றுவிடுகிறது. பனி உருகியதும் அந்தத் தலையிலிருந்து பழுப்பு நிறத்தில், தீக்குச்சி போல ஒரு காம்பு எட்டிப் பார்க்கும்.

அங்கே இதைக் கீடா ஜடி என்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் குடும்பம் குடும்பமாக மேலேறிக் கூடாரம் போட்டு, ஈரப் புல்லில் ஊர்ந்து தேடுகிறார்கள். பிள்ளைகளின் கண் கூர்மை என்பதால் அவர்களும் போகிறார்கள். நேபாளத்தின் டோல்பாவில் இந்தப் பருவத்தில் பள்ளிகளே மூடிவிடும். 2009இல் அந்நாட்டின் நார் கிராமத்தில், இதைத் தேடி வெளியூரிலிருந்து வந்த 7 பேர் கொல்லப்பட்டார்கள்.

தரகர் கைக்கு வந்த சரக்கு காளி நதியைத் தாண்டி நேபாளம் போகிறது. அங்கிருந்து திபெத், பிறகு சீனப் பெருநகரங்களின் மருந்துக் கடைகள். முதல் தரம் அங்கே ஒரு காலத்தில் எடைக்கு எடை தங்கத்தை மிஞ்சியது.

இவ்வளவு விலைக்கு அதில் என்ன இருக்கிறது? திபெத்திய வைத்தியர்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த மருந்து இது. சீன வைத்தியத்தில் சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் கொடுக்கிறார்கள். 1993இல் சீன ஓட்டப்பந்தய வீராங்கனை வாங் ஜுன்ஷியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, பயிற்சியாளர் மா ஜுன்ரென் இந்தப் பூஞ்சையின் பெயரைச் சொன்னார். பின்னாளில் அவருடைய குழுவின்மேல் ஊக்கமருந்துச் சந்தேகம் விழுந்தும் பூஞ்சையின் புகழ் குறையவில்லை. ஆய்வகங்களில் அதிகம் பேசப்படும் கார்டிசெபின் என்ற பொருள், வளர்ப்பதற்கு எளிதான இன்னொரு பூஞ்சையில்தான் கூடுதலாக இருக்கிறது. காட்டுச் சரக்கில் ஆர்சனிக் வரம்பை மீறுவதாகச் சீன அரசே 2016இல் எச்சரித்தது.

வாங்குகிறவர்கள் கேட்பது கெட்டியான புழு, குட்டையான காம்பு. காம்பு முற்றி வித்துத் தூவும் வேளையில் புழுவின் உடல் பொக்காகி விலை விழுந்துவிடுகிறது. எனவே அடுத்த தலைமுறைக்கு வித்து விழுவதற்குள் பிடுங்கிவிடுகிறார்கள். என் பார்வையில் இது குறைந்துவருவதற்கு வேர் இந்த ஒரு வழக்கம்தான். குளிர்காலங்கள் சூடாவதும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 15 ஆண்டுகளில் குறைந்தது 30 சதவீதம் குறைந்துவிட்டதாகக் கணித்து, 2020இல் இதை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் ஏற்றினார்கள்.

புல்வெளிக்கு ஏறுகிறவர்களைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. பல வீடுகளில் வருடச் செலவுக்குப் பணம் இது ஒன்றில்தான் வருகிறது. பருவத்தின் கடைசி நாட்களில் கிடைப்பது எப்படியும் மலிவுச் சரக்கு. அந்த நாட்களில் மட்டும் மலையை மூடி, முற்றிய காம்புகளை மண்ணிலேயே விட்டுவிட்டால், வருமானத்தில் பெரிய ஓட்டை விழாது. அந்த முடிவை ஊர்க் கூட்டமே எடுக்கலாம்.