பாட்டுப் பிறந்த லயங்கள்

கோலசிலாங்கூருக்கு வருகிறவர்கள் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்ப்பார்கள். புக்கிட் மெலாவத்தி ஏறுவார்கள். மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சிலாங்கூர் ஆற்றை ஒட்டி உள்ளே போனால் தென்னமரம் தோட்டம் வரும். இந்நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில், 1917-இல், செம்பனை நட்ட மண் அது. நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரை எழுதியது நூலாகி நிலைத்துவிட்டது. அதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்களும் காண்டா தூக்கியவர்களும் பாடியதில் பெரும்பகுதி, பாடியவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டது.

தோட்டத்துப் பாட்டுக்கு மெட்டு ஊரிலிருந்து வந்தது. பொருள் இங்கே விளைந்தது. கப்பலேறிய துயரம், கங்காணியின் ஆசை வார்த்தை, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் அதிகாரம், மலைக்காய்ச்சல், கள்ளுக்கடையில் கரைந்த கூலி என்று எல்லாம் பாட்டானது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துப் போனபோது, திரும்பி வராதவர்களுக்காக, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் வாசலில் ஒப்பாரி எழுந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். முத்தம்மாள் பழனிசாமி தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை எழுதிவைத்தார். இவர்களைப் போல் இன்னும் பத்துப் பேர் அந்தக் காலத்திலேயே ஒலிப்பதிவுக் கருவியோடு தோட்டம் தோட்டமாக நடந்திருந்தால் நம் வரலாறு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாட்டு எப்படிப் பரவியது என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய பலகை லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு இருந்த தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் ஏணையை ஆட்டிப் பாடினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து தூங்கும். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் பாட்டு மனப்பாடமாகிவிடும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குள் இறங்குகிறவர் இருட்டுக்குத் துணையாகக் குரல் கொடுப்பார். அடுத்த நிரையிலிருந்து பதில் வரும். ஆயாக்கொட்டகையில் ஒரே கிழவியிடம் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தாலாட்டுக் கேட்டார்கள். மாரியம்மன் திருவிழாவில் உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி, மறுமுகத்தை அடித்து அந்த முனகலை எழுப்பும்போது, பக்கத்தில் நின்ற பையன் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டான். வாத்தியார் கிடையாது, ஏடு கிடையாது. அந்தக் குடியிருப்பே பள்ளிக்கூடமாக இருந்தது. அதனால்தான் லயத்தை இடிக்கும்போது வெறும் பலகையும் தகரமும் மட்டும் போவதில்லை.

அமெரிக்காவின் ப்ளூஸ் இசைக்கும் இதே பிறப்புதான். மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் ஒற்றைக் குரலாக எழுந்த கூவல் அதன் வேர்களில் ஒன்று. ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் வாழ்ந்த டாக்கரி தோட்டத்தின் பருத்தி அரைவை ஆலைக் கட்டடங்களை அந்நாட்டு அரசு 2006-இல் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கட்டடம் நிற்கிறது. ஆனால் பருத்தி பறிக்க இயந்திரம் வந்த பிறகு குடும்பங்கள் போய்விட்டன.

வடக்கே சிகாகோவுக்குப் போனவர்கள் மேக்ஸ்வெல் தெருவின் ஞாயிற்றுச் சந்தையில் வாசித்தார்கள். சந்தை இரைச்சலில் கிதார் எடுபடவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து கம்பி இழுத்து, ஒலிபெருக்கியில் செருகி வாசித்தார்கள். மின்சாரக் கிதார் ப்ளூஸ் வளர்ந்த இடங்களில் அந்தத் தெரு முக்கியமானது. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை விரிவாக்கியபோது, 1994-இல் சந்தையை வேறு தெருவுக்கு மாற்றினார்கள். பாதுகாக்கச் சொல்லி இசைஞர்களும் ஆய்வாளர்களும் போராடினார்கள், பயனில்லை. கடைசியில் சில பழைய கட்டடங்களின் முகப்பை மட்டும் பெயர்த்துப் புதுக் கட்டடங்களில் ஒட்டிவைத்து, ப்ளூஸ் கலைஞருக்கு ஒரு சிலையும் வைத்தார்கள். இதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகப்பு பாடாது.

டாக்கரியில் இடம் மிஞ்சியது, மக்கள் இல்லை. மேக்ஸ்வெல் தெருவில் இரண்டும் இல்லை. வட சிலாங்கூரில் நமக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு போராடினார்கள். கைமாறிய நிலத்தில், ஒழுகும் கூரையின் கீழ் தலைமுறை வளர்ந்தது. அவர்களுக்காக 20 ஏக்கர் நிலத்தில் 245 தரை வீடுகள் கட்டும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. இதில் நான் பெரிதாக மதிப்பது, அந்த 245 குடும்பங்களும் ஒரே இடத்தில் இருக்கப் போகின்றன என்பதைத்தான். ஆளுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர்கள் கிள்ளான், ரவாங், செலாயாங் என்று சிதறிப்போயிருப்பார்கள்; ஒப்பாரியில் தொடுப்புப் பாட அடுத்த ஆள் இருந்திருக்கமாட்டார். பலகை லயத்தை அப்படியே வைத்துக் காப்பாற்றச் சொல்வது கொடுமை. அதில் வாழ்ந்தவர்களுக்குக் கல்வீடு வேண்டும். ஆனால் கல்வீட்டுச் சுவரைத் தாண்டித் தாலாட்டு போகாது. லயம் செய்த வேலையை இனி கோயில் மண்டபமும் பொதுத் திடலும்தான் செய்ய வேண்டும். புதுக் குடியிருப்பு வரைபடத்தில் இவை கடைசியாகச் சேர்க்கும் அலங்காரமாக இருக்கக்கூடாது.

மற்றத் தோட்டங்களிலும் இன்னும் இடிபடாத ஒரு லய வரிசையையாவது, பெரட்டுக்களத்தோடும் ஆயாக்கொட்டகையோடும் சேர்த்து நிறுத்தி வைக்க மாநில அரசைக் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடத்தோடு நிற்பதில்லை. பாட்டையும் நாட்டுப்புறப் பாடலையும் மரபுடைமையாகவே கொள்கிறது. சட்டத்தில் இடமிருக்கிறது, மனுதான் நம் பக்கத்திலிருந்து போக வேண்டும்.

மனுவோடு பதிவும் வேண்டும். 1941-இல் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், மிசிசிப்பியின் ஸ்டோவால் தோட்டத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோய், டிராக்டர் ஓட்டிய ஓர் இளைஞரைப் பாடவைத்தார். தன் குரலையே திரும்பக் கேட்ட பிறகுதான் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அந்த இளைஞருக்கு வந்தது. 1943-இல் சிகாகோவுக்குப் போனார். மடி வாட்டர்ஸ் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். நம் வீட்டுப் பாட்டிமார் “எனக்கென்னய்யா தெரியும், அதெல்லாம் பழைய காலத்துப் பாட்டு” என்று விலகிக்கொள்வது, அவர்கள் குரலை ஒருவரும் அவர்களுக்குத் திரும்பக் கேட்கவைக்காததால்தான்.

இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், வருகிற திருவிழாவுக்குள் அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம், யாரிடம் கேட்டது, எந்தச் சமயத்தில் பாடுவது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அவர் இசைவோடு ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்திடமும், ஒரு பிரதியை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமும் கொடுங்கள். பதிவு முடிந்ததும் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.