நிறுத்த முடியாத காந்தம்: பைக் சார்ஜிங்கின் கதை

பைக் செல்ஃப் எடுக்கலைன்னா நம்ம ஊர்ல முதல் பழி பேட்டரி மேலதான். புதுசு போடுவாங்க, ரெண்டு மாசம் ஓடும், மறுபடி செத்துடும். அது உங்க தெருவுல நடந்தா தள்ளிட்டுப் போயிடலாம். நடு ராத்திரி பைபாஸ்ல, பின்னாடி லாரி வர்றப்போ ஹெட்லைட்டும் இன்ஜினும் சேர்ந்து அணைஞ்சா? பழுது உண்மையில எங்க இருக்குன்னு தேட ஒரு வரிசை இருக்கு. அந்த வரிசை ஏன் அப்படின்னு புரியணும்னா 1950-களுக்குப் போகணும்.

அதுவரைக்கும் பிரிட்டிஷ் பைக்குகள்ல பெரும்பாலும் டைனமோதான். லூகாஸ் கம்பெனியோட ஈ3எல் மாடல் 6 வோல்ட்டில் 60 வாட் கொடுக்கும், அவ்வளவுதான். கார்பன் பிரஷ் தேயும், கம்யூட்டேட்டர் கருகும், ஏகப்பட்ட தொல்லை. ஆனா அதுல இருந்தது மின்காந்தம். காந்தச் சுருளுக்குப் போற கரண்ட்டைக் குறைச்சா உற்பத்தியும் குறையும். குழாயைத் திருகி மூடுற மாதிரி.

1953-ல டிரையம்ஃப் ஸ்பீடு ட்வின் ஆல்டர்னேட்டரோட வந்தது. கிராங்க் ஷாஃப்ட் முனையில நிரந்தரக் காந்தம் சுத்தும், காயில் அசையாம நிக்கும். பிரஷ் இல்லை, தேய்மானம் இல்லை. பிரமாதம்! ஆனா நிரந்தரக் காந்தத்தை யாராலும் நிறுத்த முடியாது. இன்ஜின் வேகமெடுத்தா, உங்களுக்குத் தேவையோ இல்லையோ, மின்சாரம் வந்துகிட்டே இருக்கும். மிச்சத்தை என்ன பண்றது?

லூகாஸ் பிடிச்ச முதல் வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெட்லைட் சுவிட்சுதான் ரெகுலேட்டர்! லைட்டை அணைச்சா ஒரு ஜோடி காயில் மட்டும் பேட்டரிக்கு வேலை செய்யும். ஹெட்லைட் போட்டா எல்லா ஜோடியும் சேர்ந்துக்கும். பேட்டரி நிரம்பிடுச்சா, காலியா இருக்கான்னு அந்த சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. நம்ம கோட் ரிவியூல இதை யாரும் பாஸ் பண்ண மாட்டாங்க. ஆனா ரெண்டு மூணு செப்புத் தொடுமுனைகளை வெச்சே சமாளிச்ச கெட்டிக்காரத்தனம் அது.

60-கள்ல 12 வோல்ட் வந்தப்போ ஜீனர் டயோடும் வந்தது. வோல்டேஜ் ஒரு அளவைத் தாண்டினா மிச்சத்தை வெப்பமா எரிச்சுத் தள்ளும். அந்தச் சூடு ஆறணும்னு சில மாடல்கள்ல அதை ஹெட்லைட்டுக்குக் கீழே, காத்து படுற இடத்துல, துடுப்பு வெச்ச அலுமினியத்துல மாட்டினாங்க.

இன்னைக்கும் நிறைய பைக்குகள்ல இருக்கிற ஷண்ட் ரெகுலேட்டர் அதோட வாரிசுதான். பேட்டரி நிரம்பினதும் காயிலை ஷார்ட் பண்ணிடும். அதனால நீங்க லைட்டை அணைச்சாலும் காயிலுக்கு ஓய்வு கிடையாது. எந்நேரமும் முழு கரண்ட், பக்கத்துலயே இன்ஜின் சூடு. காயில் ஏன் கருகுதுன்னு இப்போ தெரியுதா?

நம்ம புல்லட்டோட ஹெட்லைட் கூடு மேல ஒரு குட்டி ஆம்மீட்டர் இருக்குமே, ஞாபகம் இருக்கா? ஆக்சிலேட்டரை முறுக்கி, முள் பிளஸ் பக்கம் போகுதான்னு பார்த்தே பழைய மெக்கானிக்குகள் பாதி நோயைச் சொல்லிடுவாங்க. பின்னாடி வந்த பெரும்பாலான பைக்குகள்ல அந்த முள் இல்லை. ஆனா மின்சாரத்தை நம்பியிருக்கிறது கூடிடுச்சு. 2017 ஏப்ரல்ல இருந்து புது டூவீலர்கள்ல ஹெட்லைட் எப்பவும் எரிஞ்சாகணும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டின்னா கரண்ட் போனா பெட்ரோலும் போகாது.

அதனால முள்ளுக்குப் பதிலா மல்டிமீட்டர். இன்ஜின் அணைஞ்சிருக்கப்போ நல்ல பேட்டரி 12.6 வோல்ட் வாக்குல காட்டும். 5000 ஆர்பிஎம்ல 13.5-ல இருந்து 14.5 வரைக்கும் வந்தா சார்ஜிங் நல்லாயிருக்கு. 15-ஐத் தாண்டினா மிச்சத்தைத் தள்ள வேண்டிய ரெகுலேட்டர் தூங்குது, பேட்டரி வெந்துடும். 13-க்குக் கீழேயே நின்னா காயில் கனெக்டரைக் கழட்டுங்க. மூணு வயர் இருக்கும். ரெண்டு ரெண்டா ஏசி வோல்டேஜ் பாருங்க. மூணு அளவும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். இன்ஜினை அணைச்சுட்டு, எந்த வயருக்காவது பாடியோட தொடர்பு இருக்கான்னும் பாருங்க. இருந்தா காயில் போச்சு. இதெல்லாம் சரின்னா ரெகுலேட்டர், அதுக்குப் போற வயரிங்.

என் ரூம்மேட் ஒரே வருஷத்துல மூணு பேட்டரி வாங்கினான். மீட்டர் வெச்சுப் பார்த்தப்போ ஒரு ஜோடியில 60 வோல்ட், மத்த ரெண்டுலயும் ஒண்ணுமே இல்லை. கவரைத் திறந்தா ஒரு வயரோட சுத்து முழுக்கக் கரி. காயிலை ரீவைண்ட் பண்ணிட்டு, அந்த மூணாவது பேட்டரியையே சார்ஜ் போட்டு மாட்டினோம். இன்னும் அதுலதான் ஓட்டிட்டிருக்கான்.