நண்பர் வீட்டுக் கூடம்: இந்திய இல்லங்களில் ஒலிக்கருவி பரவிய வரலாறு

ஒலிக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவோ நிறுவனங்களின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. 1877இல் எடிசனின் ஃபோனோகிராஃப், 1887இல் பெர்லினரின் கிராமஃபோன், 1948இல் நீளிசைத்தட்டு, 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாப் பேழை, 1982இல் குறுந்தட்டு என்று ஆண்டுகள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. இவ்வரிசை தவறன்று. ஆனால் கருவி ஆய்வகத்திலிருந்து கடைக்கு வந்த கதையைச் சொல்லும் அது, கடையிலிருந்து ஒரு குடும்பத்தின் கூடத்துக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்வதில்லை. இந்தியாவில் அந்த இரண்டாம் பயணத்தின் இடையில் இன்னொரு வீடு இருந்தது. அது நண்பருடையதாக இருக்கலாம். உறவினருடையதாகவோ அண்டை வீட்டாருடையதாகவோ இருக்கலாம். அங்கே முதலில் கேட்டார்கள், பிறகு வாங்கினார்கள்.

இதைக் கருத்தளவில் விளக்க உதவும் ஆய்வு ஒன்று ஒலிக்கருவியைப் பற்றியதே அன்று. 1954 நவம்பரில் ஃபார்ச்சூன் இதழில் வில்லியம் ஒயிட் எழுதிய கட்டுரை, ஃபிலடெல்ஃபியா நகரக் குடியிருப்பு ஒன்றில் சன்னலில் பொருத்தும் குளிரூட்டிகள் எங்கெங்கே இருந்தன என்பதை ஆராய்ந்தது. வீடுகள் ஒரே மாதிரியானவை. குடியிருந்தோரின் வருவாயும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் குளிரூட்டிகள் சீராகப் பரவியிருக்கவில்லை. ஓரிடத்தில் கொத்தாக இருந்தன. சில வீடுகள் தள்ளி ஒன்றுமே இல்லை. யார் யாருடன் நின்று பேசினார்களோ அந்தப் பேச்சின் தடத்திலேயே பொருளும் பயணம் செய்திருந்தது. வருவாயும் விளம்பரமும் மட்டும் வாங்குதலைத் தீர்மானிப்பதில்லை, உறவும் தீர்மானிக்கிறது என்பதே ஒயிட் கண்ட முடிவு.

ஒலிக்கருவிக்கு இம்முடிவு இன்னும் வலுவாகப் பொருந்தும். பொருளியலாளர் ஃபிலிப் நெல்சன் 1970இல் நுகர்பொருள்களின் பண்புகளை இருவகையாகப் பிரித்தார்: வாங்குமுன்பே பார்த்து அறியக்கூடியவை, நுகர்ந்த பின்னரே அறியக்கூடியவை. துணியின் நிறத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஒரு ஒலிபெருக்கியின் தரத்தை அதன் மரப்பெட்டியைப் பார்த்தோ வாட் கணக்கைப் படித்தோ அறிய இயலாது. கடையின் இரைச்சலில் ஐந்து நிமிடம் கேட்பதாலும் பயன் குறைவு. ஒரு வீட்டுக் கூடத்தில், பழகிய பாடலை, பல மாலைகள் தொடர்ந்து கேட்டால்தான் அது புலப்படும். பணம் கொடுத்து வாங்காமலேயே அந்த அனுபவத்தைப் பெறுவதற்கு நண்பர் வீட்டைத் தவிர வேறு வழி அதிகம் இருந்ததில்லை.

இந்தியாவில் இதன் தொடக்கத்தை 1902 நவம்பரில் வைக்கலாம். கிராமஃபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் அப்போது கல்கத்தாவில் பதிவுகளைத் தொடங்கினார். கௌஹர் ஜான் முதலியோரின் குரல்கள் பதிவாகின. அத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சிடப்பட்டுக் கப்பலில் இந்தியா வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை தொடங்கியது. நிறுவனத்தின் கணக்கு எளிமையானது: மக்கள் அறிந்த குரல் தட்டில் இல்லாவிடில் பெட்டி விற்காது. ஆனால் அந்தக் குரல் முதலில் கேட்ட இடம் பெரும்பாலானோருக்குத் தம் சொந்த வீடாக இருந்திருக்க முடியாது. செல்வர் ஒருவரின் மாளிகையிலோ வழக்கறிஞரின் கூடத்திலோ விசை முடுக்கப்பட்ட பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர்கள்தாம் அடுத்த வாங்குவோர்.

மொழியும் இதற்குச் சான்று தருகிறது. வங்காளத்தில் அப்பெட்டிக்குக் ‘கலேர் கான்’ என்று பெயர். இயந்திரத்தின் பாட்டு என்பது பொருள். மலையாளத்தில் அது ‘பாட்டுபெட்டி’. இந்தியில் இசைத்தட்டுக்குத் ‘தவா’ என்ற சொல்லும் வழங்கியது. ரொட்டி சுடும் கல்லுக்கும் அதே பெயர். நிறுவனப் பட்டியல்கள் இச்சொற்களை உருவாக்கவில்லை. பொருளை முதன்முதலாகப் பார்த்தவர்கள் தாம் கண்டதை, அதைக் காணாத இன்னொருவருக்கு விளக்க முயன்றபோது பிறக்கும் சொற்களின் சாயல் அவற்றில் இருக்கிறது. கருத்த வட்டமான தட்டை, அதைப் பார்த்திராத ஒருவருக்கு அடுக்களைக் கல்லைக் காட்டித்தானே விளக்க முடியும்? பொருள் வருவதற்கு முன்பே பொருளைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

நண்பரின் கருவி பிறர் வாங்குதலைப் பாதித்த வழிகள் மூன்று.

முதலாவது, செவிப்பயிற்சி. நல்ல ஒலி எது என்பது பிறவியிலேயே அமைந்த அறிவன்று. ஒரு சுவையை உணர்வதற்கும் அதை இன்பம் என்று கொள்வதற்கும் அனுபவமுள்ள துணை தேவை என்பதைச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1953இல் முற்றிலும் வேறொரு பொருளை முன்வைத்து விளக்கினார். அவர் ஆராய்ந்தது கஞ்சாப் புகைப்பவர்களை. ஒலிக்கும் அது பொருந்தும். முப்பரிமாண ஒலி, அதாவது ஸ்டீரியோ, வந்தபோது இடப்பக்கத்தில் ஒரு வாத்தியமும் வலப்பக்கத்தில் இன்னொன்றும் பிரிந்து கேட்பதை யாராவது சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ‘கண்ணை மூடிக்கொண்டு கேள், தபலா எங்கே இருக்கிறது?’ என்று கேட்பவர் விற்பனையாளர் அல்லர், நண்பர். ஒருமுறை அதைக் கேட்டுவிட்ட செவிக்குத் தன் வீட்டு ஒற்றை ஒலிபெருக்கி வானொலி அன்றிரவே குறையுடையதாகிவிடும். குறை என்ற உணர்வே வாங்குதலின் தொடக்கம். ‘பேஸ்’, ‘டிரெபிள்’, ‘டெக்’ முதலிய சொற்களும் இவ்வழியாகவே பேச்சுமொழிக்குள் வந்தன. ஆங்கிலம் அறியாதவரும் அவற்றைப் பிழையின்றிப் பயன்படுத்தினார்கள். பொருளைச் செவியால் கற்றிருந்தார்கள்.

இரண்டாவது, பரிமாற்றம். கருவி தனியே பயன்படாது. தட்டோ நாடாவோ வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் மட்டுமே இசை அடங்கும். நீளிசைத்தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடங்களைக் கடக்கும். இந்துஸ்தானி இசையில் இராக விரிவாக்கத்தை விரும்புவோருக்கு இது பெரும் மாற்றம். ஆனால் நண்பரிடம் நீளிசைத்தட்டை இரவல் பெற வேண்டுமெனில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் மேடையும் நுண்வரியில் ஓடும் ஊசியும் தன் வீட்டிலும் இருக்க வேண்டும். பழைய பெட்டியின் எஃகு ஊசி அத்தட்டை அழித்துவிடும். ஆகவே நட்பு வட்டத்தில் ஒருவர் புதிய முறைக்கு மாறினால், இரவல் சங்கிலி அறுபடாமல் இருக்க மற்றவர்களும் மாற வேண்டிய நெருக்கடி எழுந்தது. இதன் மறுபக்கமும் உண்டு. வட்டம் முழுவதும் பழைய முறையில் இருந்தால் ஒருவர் மட்டும் மாறுவதில் பயனில்லை. மேலைநாடுகளில் 78 சுற்றுத் தட்டுகள் வழக்கொழிந்த பின்னரும், 1960களின் நடுப்பகுதியில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் இந்தியாவில் அவ்வடிவில் அச்சிடப்பட்டன. அத்தனை வீடுகளில் பழைய பெட்டி இருந்தது.

மூன்றாவது, பராமரிப்பு. 1956–57இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. வெளிநாட்டுக் கருவி வாங்குவதே அரிது. வாங்கியது பழுதானால் உதிரிப்பாகம் அதனினும் அரிது. இச்சூழலில் நண்பரிடம் உள்ள அதே வகைக் கருவியை வாங்குவது போலச்செய்தல் அன்று, முன்னெச்சரிக்கை. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பணியாளர் யார், ஊசி எங்கே கிடைக்கும், மின்னழுத்தம் ஏறி இறங்கினால் எது முதலில் எரியும் என்பதெல்லாம் ஏற்கெனவே அறியப்பட்டிருக்கும். உள்நாட்டுத் தயாரிப்புகளும் இவ்வாறே பரவின. 1970இல் கல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் முதலிய நிறுவனங்களின் பொருள்கள் ஒருபுறம். பம்பாயின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவற்றில் பாகங்களை வாங்கிக் கையால் இணைத்த பெருக்கிகள் மறுபுறம். பின்னவற்றுக்கு விளம்பரமே இல்லை. உத்தரவாத அட்டையும் இல்லை. ‘அவர் வீட்டில் உள்ளதைப் போன்றே எனக்கும் ஒன்று’ என்பதே வாங்குவோர் தரும் தொழில்நுட்பக் குறிப்பு.

இம்மூன்றும் ஒருங்கே இயங்கியதைக் கேரளத்தில் தெளிவாகக் காணலாம். 1973இன் எண்ணெய் விலையேற்றத்தைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளுக்குப் பெருந்தொகையான மலையாளிகள் வேலைக்குச் சென்றார்கள். விடுமுறையில் திரும்பியவர்களின் பெட்டிகளில் ‘டூ-இன்-ஒன்’ இருந்தது. வானொலியும் நாடாக் கருவியும் ஒன்றாக இணைந்த பெட்டி அது. பாட்டுக் கேட்பதோடு அதன் பயன் முடியவில்லை. பிரிந்திருந்த குடும்பங்கள் நாடாவில் குரலைப் பதிந்து கடிதமாக அனுப்பிக்கொண்டன. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மகனுடன் பேச முடிந்தது. 1970களின் பிற்பகுதியில் எஸ்.ஏ. ஜமீலின் ‘துபாய் கத்துப்பாட்டு’ கடித வடிவிலேயே மனைவியின் ஏக்கத்தைப் பாடி நாடா வழியாகப் பரவியதும் இச்சூழலில்தான்.

குரல்கடிதம் வந்த வீட்டில் கருவி இல்லையெனில் என்ன செய்வது? அண்டை வீட்டுக்குத்தான் போக வேண்டும். பாட்டை நால்வருடன் அமர்ந்து கேட்கலாம். கணவன் மனைவிக்குச் சொல்லும் சொற்களை அவ்வாறு கேட்க இயலுமா? அண்டை வீட்டின் கருவி இங்கே ஆசையை மட்டும் தூண்டவில்லை, கூச்சத்தையும் தூண்டியது. சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற முடிவுக்குப் பின்னால் பகட்டை மட்டும் காண்பவர்கள் இந்தக் கூச்சத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

பகட்டு இல்லையென்று சொல்வதும் பொருந்தாது. பியேர் பூர்தியூ 1979இல் வாதிட்டவாறு, சுவை என்பது வகுப்பின் எல்லையைக் காட்டும் அடையாளமும் ஆகும். விலையுயர்ந்த கருவி வைத்திருந்தவர் பிறரை அழைத்துக் கேட்கச் செய்தது விருந்தோம்பலும் ஆகும், தகுதியின் அறிவிப்பும் ஆகும். எல்லோரும் அழைக்கப்படவில்லை என்பது இதனினும் முக்கியமானது. கூடத்துக்குள் யார் வரலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்தது. ஆண்கள் பெட்டியின் முன் அமர்ந்திருக்க, பெண்கள் உள்ளறைக் கதவுக்குப் பின்னிருந்து கேட்ட வீடுகள் பல. முரண் என்னவென்றால், ‘நற்குடும்பங்கள்’ தம் வாசலில் ஏற்காத தவாயிஃப் பாடகியரின் குரல் தட்டின் வழியே அதே கூடத்தின் நடுவில் ஒலித்தது. குரல் நுழைந்தது, பாடியவர் நுழையவில்லை. எனவே நட்பு வழியாக ஒலிக்கருவி பரவியது என்று எழுதும்போது, அந்த நட்பு எவ்வெல்லைக்குள் அமைந்தது என்பதையும் எழுத வேண்டும். எவருக்கு அழைப்பு இல்லையோ அவருக்குத் தேநீர்க் கடையின் வானொலியும் திருவிழாவின் ஒலிபெருக்கியும் முதல் ஆசிரியராயின. அவர் பின்னாளில் வாங்கிய கருவியில் அந்தப் பொதுவெளி ஒலியின் உரப்பையே எதிர்பார்த்தார் எனில், அதைச் சுவைக்குறைவு என்று கருதுவது பிழை; அவர் பயின்ற பள்ளி வேறு.

சாந்திநிகேதனில் 1940 முதல் 1942 வரை ஓவியம் பயின்ற சத்யஜித் ராயின் வாழ்வில் இவ்வுறவின் நுண்மையான வடிவம் ஒன்று காணப்படுகிறது. குழந்தைப் பருவத்தில் பொம்மை கிராமஃபோன் பெற்றவர் அவர். மேலைச் செவ்வியல் இசையில் ஆர்வத்தோடுதான் அங்கே சென்றார். ஆங்கிலம் கற்பித்த, ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதரான அலெக்ஸ் ஆரான்சனிடம் இசைத்தட்டுகள் இருந்தன. மாலைகளில் மாணவர் அவர் வீட்டுக்குச் சென்று கேட்டார். ஏற்கெனவே இருந்த ஆர்வம் துணை கிடைத்ததால் ஆழம் பெற்றது. பின்னாளில் தம் படங்களுக்குத் தாமே இசையமைத்த ஒருவரின் உருவாக்கத்தில் இன்னொருவர் வீட்டுத் தட்டுகளுக்கும் பங்கு உண்டு. செல்வாக்கு என்பது வாங்குதலில் மட்டும் முடிவதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

1980களில் நாடாப் பெருக்கம் இச்சித்திரத்தை மாற்றியது. டி-சீரிஸ் முதலிய நிறுவனங்கள் நாடாவை மலிவாக்கின. இரட்டை நாடாக் கருவி நண்பர் வீட்டையே படியெடுக்கும் நிலையமாக்கியது. பீட்டர் மேனுவல் 1993இல் வெளியிட்ட நூல் வட இந்தியாவில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. இன்று காதுக்குள் பொருத்தும் கருவியில் ஒருவர் கேட்பதை அருகிலிருப்பவர் கேட்க முடிவதில்லை. பரிந்துரை இன்னும் நண்பரிடமிருந்து வருகிறது. ஆனால் அது சொல்லாக மட்டும் வருகிறது, ஒலியாக வருவதில்லை. வாங்குமுன் கேட்கும் மாலைகள் குறைந்துவிட்டன.

வரலாற்று மாணவர்களுக்கு இதில் உடனடியான பணி ஒன்று இருக்கிறது. விற்பனைப் பதிவேடுகள் எத்தனை பெட்டிகள் விற்றன என்பதைச் சொல்லும். வானொலிக்கு அஞ்சலகம் வழங்கிய உரிமப் புத்தகங்கள் யார் பெயரில் கருவி இருந்தது என்பதைச் சொல்லும். அதை வாங்கியவர் முதலில் யார் வீட்டில் கேட்டார் என்பதை இரண்டும் சொல்லா. அது நினைவில் மட்டுமே உள்ளது. 1960களில் இருபது வயதுடையவராக ஒரு நண்பரின் கூடத்தில் நீளிசைத்தட்டை முதன்முறை கேட்டவருக்கு இன்று எழுபத்தைந்து வயதுக்கும் மேல். கள ஆய்வில் அவரிடம் ‘எப்போது வாங்கினீர்கள், என்ன விலை’ என்ற கேள்விகளோடு, ‘முதலில் யார் வீட்டில் கேட்டீர்கள், அங்கே எங்கே அமர்ந்திருந்தீர்கள்’ என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கருவிகளைப் பழைய பொருள் அங்காடியிலிருந்து பிறகும் மீட்டுவிடலாம். விடை சொல்பவர்களை அவ்வாறு மீட்க இயலாது.